அப்பா காய்ச்சிய பாகுபாடு

"உங்க அம்மா வெளியே காபி குடிக்கிறதுக்கு இந்த வாரத்தோட முற்றுப்புள்ளி வைக்கிறேன்!" என்று ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அறிவித்தார்.

அப்பா பதிப்பகத்தில் பிழை திருத்துபவர். முற்றுப்புள்ளி, காற்புள்ளி, ஆச்சரியக்குறி எல்லாம் அவர் வீட்டுப் பிள்ளைகள். அடுத்தவர் பிழையை முந்நூறு பக்கத்துக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடிப்பார். சொந்தப் பிழை மட்டும் கண்ணில் படாது. எழுத்து ரொம்பப் பெரியது போல.

அம்மா செய்த குற்றம் என்ன? அவள் ஒரு பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பகல் முழுக்க உயிரை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பதறாதீங்க, அது மரம், அது விலகாது, நாமதான் விலகணும்" என்று பொறுமையாகச் சொல்லும் வேலை. ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் எதிர்க் காபிக் கடையில் கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு மணி நேரம். லவங்கப்பட்டைச் சிரப் விட்ட காபி. கொஞ்சம் சிரிப்பு. ஏழு மணிக்கு வீடு. வந்ததும் சமையல்.

நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம். இருபத்துமூன்றை வேலைக்கும் வீட்டுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்துவிட்டு, ஒன்றே ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அந்த ஒன்றுதான் அப்பாவை உறுத்தியது. ஏனென்றால் அவர் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். ஆறரைக்குப் பசிக்கும்.

"பசிச்சா சமைக்கலாமே" என்றேன்.

"யாரு?"

"பசிச்சவங்க."

"எனக்கு அடுப்பு பழக்கமில்லம்மா."

"அம்மா மட்டும் அடுப்போடவா பொறந்தா?"

"உன்னைப் பல்கலைக்கழகத்துல சேர்த்தது என் தப்பு. இங்க பாரு, சண்டை போட்டா அவ ஜெயிச்சிடுவா. அன்பால மடக்கணும். அந்தக் கடையில அப்படி என்ன இருக்கு? சிரப். அதை நானே வீட்ல காய்ச்சிட்டா?"

"சிரப்னா இருமல் மருந்துப்பா."

"திருத்தம். காபிச் சிரப். சர்க்கரை, தண்ணி, வாசனை. மூணே சொல்லு. இதுல பிழை வர என்ன இருக்கு?"

"ஆக, அம்மாவோட ஒரு மணி நேரத்தைப் பிடுங்க அடுப்பைப் பத்தவைப்பீங்க. அவளுக்கு ஒரு வேளை சமைச்சுப் போட மாட்டீங்க. இதுக்குப் பேர்தான் பாகுபாடு!"

"கரெக்ட். பாகு என்னோடது. பாடு உங்கம்மாவோடது" என்றார் அப்பா. தன் சிலேடைக்குத் தானே ஐந்து நிமிடம் சிரித்தார்.

அம்மா ஞாயிறு வகுப்புக்குப் போனதும் வேலை தொடங்கியது. ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர். கரைந்ததும் பட்டையைப் போட்டு இளந்தீயில் பத்து நிமிடம். இறக்கி, வடிகட்டி, ஆறவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"பதம் பார்த்து இறக்குங்கப்பா."

"எனக்கே பதமா? பிரிக்க முடிஞ்சா பகுபதம், முடியாட்டி பகாப்பதம். முப்பது வருஷமா பதத்தோடயே குடும்பம் நடத்துறேன். இப்ப 'வந்தான்'னு ஒரு சொல்லை எடுத்துக்கோ..."

அவர் 'வந்தான்' என்ற சொல்லைப் பிரித்து முடிப்பதற்குள் பாகு கம்பிப் பதத்தைத் தாண்டி, கல் பதத்துக்கு வந்துவிட்டது. அப்பா கரண்டியைத் தூக்கினார். பாத்திரமும் கூடவே வந்தது. பாத்திரத்தை ஒரு கையால் பிடித்துக் கரண்டியை இழுத்தார். அப்பாதான் வந்தார்.

"இது பகாப்பதம்" என்றேன்.

இரண்டாவது பாத்திரம் கருகியது. மூன்றாவது தேறியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், நன்றாகவே இருந்தது. அந்தத் தைரியத்தில் இஞ்சி, ஆரஞ்சுத் தோல், வெனிலா என்று வரிசையாக இறக்கினார். கழுவிக் காயவைத்த இருமல் மருந்து பாட்டில்களில் ஊற்றி, முத்து முத்தான எழுத்தில் பெயர் ஒட்டினார். 'இஞ்சிச் சிரப்'. ஒற்றுப் பிழைகூட இல்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். அப்பாவே காபி போட்டு, பட்டைச் சிரப்பை அந்த மருந்து மூடியால் அளந்து ஊற்றிக் கொடுத்தார்.

"எப்படி?"

"கடையைவிட நல்லா இருக்குங்க."

"அப்போ கடை எதுக்கு? இனிமே சாயங்காலக் காபி வீட்டிலதான். சொல்லு."

அம்மா பாட்டில்களைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். 'எனக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும் மேடம்' என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆளைப் பார்ப்பதுபோல இன்னொரு தடவை பார்த்தாள்.

"வீட்டிலதான்."

"வாக்கு?"

"வாக்கு."

எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மாவைத் தனியாக மடக்கினேன்.

"ஒரு மூடி சிரப்புக்கு உன் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துட்டியேம்மா! உனக்காக நான் எவ்வளவு வாதாடினேன் தெரியுமா?"

"வாதாடு கண்ணு. தொண்டை திறக்கும்."

"உனக்குக் கோபமே வராதா?"

"எங்க வண்டியில எனக்குத் தனியா ஒரு பிரேக் இருக்கு, தெரியுமில்ல? ஸ்டியரிங் கத்துக்கிறவங்க கையில. தாங்கதான் ஓட்டுறோம்னு அவங்க நம்பணும். அப்பதான் பயமில்லாம ஓட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டினாள்.

திங்கட்கிழமை ஆறே காலுக்கு அழைப்பு மணி அடித்தது. அப்பா வெற்றி வீரராகக் கதவைத் திறந்தார். அம்மா நின்றாள். அம்மாவுக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள்.

"வாக்கு கொடுத்தபடி வந்துட்டேங்க. சாயங்காலக் காபி வீட்டிலதான்."

"இவங்கல்லாம்?"

"கடையில கூடக் குடிக்கிறவங்க. நான் மட்டும்தான் வரணும்னு நீங்க சொல்லலியே?"

'மட்டும்'. ஒரே ஒரு சொல். முப்பது வருடமாக மற்றவர்கள் விட்ட சொல்லைத் தேடிப் பிடித்தவர். அவரே விட்ட சொல் ஆறு ஜோடிச் செருப்பாக வாசலில் கிடந்தது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுத்தரும் ரிவர்ஸ் மாமா முதலில் வாயைத் திறந்தார். எந்தக் கதையையும் முடிவிலிருந்து தொடங்குகிறவர்.

"சார், எனக்கு இஞ்சி. ஒண்ணரை மூடி."

"எனக்கு ஆரஞ்சு, சர்க்கரை இல்லாம" என்றாள், பள்ளியில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற லைசென்ஸ் அக்கா.

"அது சிரப்புங்க. சர்க்கரை இல்லாட்டி அது வெறும் தண்ணி."

"பரவால்ல, மணம் மட்டும் விடுங்க." அம்மா பக்கம் திரும்பினாள். "கொடுத்து வெச்சவடி நீ! பொண்டாட்டிக்காக அடுப்பு முன்னாடி நிக்கிற மனுஷன் இந்தக் காலத்துல யாரு இருக்கா? தங்கம்!"

நான் கேட்கிறேன். அதே அடுப்பு முன்னால் அம்மா இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். ஒருவர் எட்டிப் பார்த்ததுண்டா? ஓர் ஆளாவது அவளைத் தகரம் என்றாவது சொன்னதுண்டா? அப்பா அரை நாள் நின்றார், உடனே தங்கம்! இதைச் சபையில் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அம்மா என் காலை மிதித்தாள்.

பிரேக்.

ரிவர்ஸ் மாமா கதை தொடக்கத்துக்கு வந்து சேர மணி எட்டு. ஆனால் அப்பாவின் பசி வழக்கம்போல ஆறரைக்கே வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து சைகை காட்டினார்.

"வந்தவங்களை விட்டுட்டு நான் எப்படிங்க சமைக்க வர்றது?" என்று அம்மா ரகசியமாகக் கேட்டாள். "பக்கத்து அடுப்பு சும்மாதானே எரியாம இருக்கு? காய் காலையிலயே நறுக்கித்தான் வெச்சிருக்கேன்."

ஒரு பக்கம் பாகு, ஒரு பக்கம் காய். செவ்வாய்க்கிழமை ஏழு பேர். புதன்கிழமை, லைசென்ஸ் வாங்கிய மகிழ்ச்சியில் பழைய மாணவர்கள் நாலு பேர் கூடுதல். அப்பாவுக்கு உப்பு பிடிபட்டது. வியாழக்கிழமை காரமும் பிடிபட்டது. அவருக்குத்தான் பிடிக்கவில்லை.

பதிப்பகத்து வேலையும் அடுப்படிக்கே வந்துவிட்டது. ஒரு கையில் பேனா, ஒரு கையில் கரண்டி. ஒரு நாவலின் இரண்டு தாள்கள் வெனிலாச் சிரப்பில் ஒட்டிக்கொண்டன. அவர் கவனிக்கவில்லை. ஒட்டியது ஒட்டியபடியே அச்சுக்குப் போனது. நாவலில் கல்யாணம் அந்தத் தாள்களுக்கு நடுவில் இருந்தது. கதாநாயகி போன பக்கத்தில் கல்லூரிக்குப் போனாள், அடுத்த பக்கத்தில் இரட்டைக் குழந்தைக்குத் தாயானாள். எழுத்தாளர் தொலைபேசியில் அழுதார். முதலாளி அழவில்லை. அதுதான் அப்பாவைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை, அம்மா வேலைக்குக் கிளம்பும்போது அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"இங்க பாரு. இன்னையிலேருந்து நீ கடையிலயே குடிச்சிட்டு வந்துடேன்."

"ஐயோ, வாக்கு கொடுத்திருக்கேனே."

"வாங்கினவன் நான். நானே திருப்பித் தர்றேன்."

"நீங்க ஆசையாக் காய்ச்சின சிரப்பு?"

"கடைக்கே எடுத்துட்டுப் போ."

"எனக்கு மனசே இல்லீங்க."

"மனசில்லாமலாவது போ தாயே!"

அம்மா பெருமூச்சு விட்டாள். பாட்டில்களைப் பையில் அடுக்கினாள். ஏற்கெனவே ஒரு பை தயாராகத்தான் இருந்தது.

"அப்போ சமையலை நீங்களே பார்த்துக்குங்க. நாலு நாள்ல கை நல்லாப் பழகிடுச்சு. இப்ப விட்டா லைசென்ஸ் காலாவதியாயிடும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது வாதாட மாட்டேனா என்று அவர் ஏங்கியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. என் வாயில் ஆரஞ்சுச் சிரப் நனைத்த ரொட்டி இருந்தது. அநியாயத்தைக் கண்டால்தானே நான் பேசுவேன்?

"சரி" என்றார் அப்பா. "எப்பவும் போல ஏழு மணிக்கு வந்துடுவேதானே?"

"சமைக்கத்தான் வீட்ல ஆள் இருக்கே, எதுக்கு அவசரம்?" என்று அம்மா செருப்பை மாட்டினாள். "ஏழரை."

அன்று அப்பாவைப் பிடித்த ஏழரை, இன்றுவரை விடவில்லை.