இரண்டு பிடி கல்லுப்பு

மயிலாப்பூரே குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைந்த கோடையில், உப்புத் தண்ணீருக்காக அலைந்த ஒரே மனிதர் எங்கள் சமுத்திரம் மாமாதான். திருவான்மியூரிலிருந்து திருவொற்றியூர் வரை தேடினாலும் அப்படி ஒரு பைத்தியம் கிடைக்காது என்று தெருவே சொல்லும். அதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. பைத்தியங்கள் அந்தத் தெருவில் நிறையவே இருந்தன. அவர் ஒருவரால்தான் யாருக்கும் தொந்தரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். குளத்துக்குப் பின்னால் நாலு குடித்தனம் இருந்த பழைய வீடு. மாடியில் நானும் என் மனைவியும். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கீழே பின்கட்டில் மாமா, அவருடைய அண்ணா, மன்னி. மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏதோ அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. அவர்கள் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் நிஜமான கடல். பாறை, பவளம், மீன், எல்லாம் உயிரோடு.

"கலர் மீன் வளக்கறவனுக்கு என்ன, குழாயைத் திறந்தா முடிஞ்சது. நான் சமுத்திரத்தைன்னா திறக்கணும்" என்பார். அப்படி வந்த பெயர்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மொபெட்டில் நாலைந்து வெள்ளைக் கேன்களைக் கட்டிக்கொண்டு பட்டினப்பாக்கம் கிளம்பிவிடுவார். கரையோரத் தண்ணீர் கலங்கல் என்பதால், அலையைத் தாண்டிப் போய் மொண்டு வருவதற்கு காசி என்று ஒரு மீனவரைப் பிடித்து வைத்திருந்தார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். காசி கேனைத் தூக்கி வைத்துவிட்டு மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், ஊரே ஒரு கொடம் தண்ணிக்கு மண்டைய ஒடச்சிக்கினு கீது. நீ இன்னாடான்னா உப்புத்தண்ணிய ரொப்பிக்கினு போற. வூட்ல சொல்லிட்டுதான் வந்தியா?"

"ஆத்துல சொன்னா விடமாட்டா, காசி" என்றார் மாமா.

அந்தக் கேன்கள் வாசல் வழியாக உள்ளே போகும்போது, தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்பவர்களின் வயிறு எரியும். எங்கேயோ சிபாரிசு பிடித்துத் தண்ணீர் அடிக்கிறார் என்று பேச்சு. மாமா ஆபீசுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் ஒரு கேன் காணாமல் போயிற்று. விசாரணையே தேவைப்படவில்லை. முன்கட்டில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் இருந்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி நேர்மையைப் பற்றி வகுப்பெடுப்பவர். அன்று ராத்திரி சாப்பாட்டில் அவர் சாம்பாரைப் பிசைந்து முதல் கவளம் வாயில் வைத்ததும் எழுந்த சத்தம் மாடிக்குக் கேட்டது. வெளியே சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது. மறுநாள் அவர் வாசலில் கிடந்த காலிக் கேனை எடுத்துக்கொண்ட மாமா, "சார், உப்பு சரியா இருந்துதா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் நேர்மை வகுப்பு ஒரு வாரம் லீவு.

இந்தக் கூத்துகளுக்கு நடுவில்தான் அந்தப் பட்டாம்பூச்சி மீன் வந்தது. மண்டபம் பக்கத்திலிருந்து, ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில், ராமேஸ்வரம் பஸ்ஸில், மாமாவின் மடியில். உள்ளங்கை அகலம், எலுமிச்சை மஞ்சள், கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. பிடித்துக் கொடுத்தவரே சொல்லியிருந்தார்: "இது தொட்டியில நிக்காது சார். கடல்ல பவளத்தக் கொத்தித் திங்கிற சாதி. வேற எதையும் வாயில வைக்காது. பட்டினி கெடந்தே செத்துடும்." சாகவிட மாட்டேன் என்று வாங்கி வந்துவிட்டார் மனிதர். அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கையில் வேறு கவலை கிடையாது. அது சாப்பிட வேண்டும், பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணா சும்மா இருப்பாரா? திரிகால சந்தியாவந்தனக்காரர். "மச்சாவதாரம்னு சேவிக்கலாம்டா. கூடத்துல வச்சுண்டு குடித்தனம் பண்ணப்படாது" என்பது அவர் கட்சி.

மீன் சாப்பிடவில்லை. மாமாவும் சாப்பிடவில்லை. ஆபீசிலிருந்து டிபன் பாக்ஸ் திறக்காமல் திரும்பி வரும். மன்னி என்னிடம் வந்து புலம்பினாள். "அது பட்டினி கிடந்தா இவர் ஏன் கிடக்கணும்? ரெண்டு பேருக்கும் ஒரே ஜாதகமா?" நானும் போய்ப் பேசிப் பார்த்தேன்.

"மாமா, ஒரு மீனுக்கு இவ்வளவா?"

"நான்தானே அழைச்சுண்டு வந்தேன். வான்னு அதுவா கேட்டுது?" என்றார்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, காலையில் கீழிருந்து கூப்பாடு. ஓடினேன். மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எதை? மாமா இரண்டு வருஷமாகக் கண்ணைப் போல வளர்த்த பவளத்தை. பூப்போல விரிந்திருந்த அதன் நுனிகளைச் சாவகாசமாகக் கிள்ளிக் கிள்ளித் தின்றது. மாமா கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். அன்று தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல். வீடு தீப்பற்றி எரியும்போது குளிர் காய்ந்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பவளம் தீர்வதற்குள் அதற்கு வேறு தீனி பழக்க வேண்டும். இறால்தான் வழி. முட்டையைக்கூடக் கையால் தொட்டறியாத மாமா, காசியிடம் இறால் வாங்கி, மொட்டைமாடியில் குடைக்குப் பின்னால் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பொடிப்பொடியாக நறுக்குவார். உதடு ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துணுக்கையும் பவளக் கிளையில் செருகி வைப்பார். அண்ணாவுக்கு விஷயம் தெரிந்து வீடு இரண்டுபட்டது. "ஆத்துக்குள்ள மீன் வந்தது பாவம். மீனுக்கு மீன் வரது மகா பாவம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆனால் மீன் ஏமாந்தது. பவளம் என்று நினைத்து இறாலைத் தின்னப் பழகியது. ஒரு மாதம் தாண்டியது, இரண்டு மாதம் தாண்டியது. அண்ணாவும் மாறினார். பேப்பர் படிக்கிற சாக்கில் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். பார்த்தால் பேப்பர் தலைகீழாக இருக்கும். அவர் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு ஒரு சந்திர கிரகணம் வந்தது. மாமாவை ஆபீசில் வேலூருக்கு ஆடிட் வேலையாக அனுப்பியிருந்தார்கள். நானும் அன்று மாம்பலத்தில் மாமனார் வீட்டில் இருந்தேன். கிரகணத்துக்கு முன்னால் மன்னி வழக்கம்போலக் குடிக்கிற தண்ணீரிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டு வைத்தாள். தொட்டியில் போட அவளுக்குத் தோன்றவில்லை. கிரகணம் விட்டுக் குளித்துவிட்டு வந்த அண்ணாவுக்கு அது தோன்றியது. தர்ப்பை போடாத தண்ணீர் தீட்டு. தீட்டுத் தண்ணீரில் அந்த ஜீவன் எப்படி இருக்கும்?

பாதித் தொட்டியை மொண்டு முற்றத்தில் கொட்டினார். மாமா சேர்த்து வைத்திருந்த கேன்களையும் கவிழ்த்தார். பிறகு, வெயிலில் வரிசையில் நின்று, முழங்கால் வலியோடு பிடித்து வந்த லாரித் தண்ணீர் அத்தனையையும் தொட்டியில் விட்டார். தங்களுக்கு ஒரு சொம்புகூட வைத்துக்கொள்ளவில்லை. கடல் மீன் ஆயிற்றே என்ற ஞாபகம் வந்து இரண்டு பிடி கல்லுப்பும் போட்டார். மன்னி ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, ரசத்துக்கு இருக்கிற மாதிரி சரியாக இருக்கிறது என்றாளாம்.

மறுநாள் காலை நானும் மாமாவும் ஒரே நேரத்தில் வாசலில் நுழைந்தோம். மீன் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தது. பவளம் வெளுத்துக் கிடந்தது. தொட்டிக்கு எதிரே நாற்காலியில் அண்ணா.

"நல்ல தண்ணிதாண்டா விட்டேன்" என்றார். "லாரித் தண்ணி. ஒரு சொம்புகூட நாங்க எடுத்துக்கலை... உப்பும் போட்டேண்டா."

மாமா தொட்டியைப் பார்த்தார். அண்ணாவைப் பார்த்தார்.

"காபி குடிச்சியா அண்ணா?" என்று கேட்டார்.

"தண்ணி ஏதுடா?" என்றார் அண்ணா.

மாமா குடத்தை எடுத்துக்கொண்டு லாரி வரிசைக்குப் போனார். அந்த வரிசையில் அவர் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஹெட்மாஸ்டர்கூடத் தன் குடத்தை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்.

கெட்டவர்கள் செய்கிற நாசத்துக்கு போலீஸ் இருக்கிறது. நல்லவர்கள் செய்கிற நாசத்துக்கு காபி போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாமா ஒரு தடவை கத்தியிருக்கலாம். அந்தக் கண்ணாடியையாவது உடைத்திருக்கலாம். அவர் செய்தது, தொட்டியைச் சீயக்காய் போட்டுக் கழுவி, துடைத்து, லாரித் தண்ணீர் பிடித்து வைக்க மன்னியிடம் கொடுத்ததுதான். அந்த வீட்டில் அதற்கப்புறம் தண்ணீர்க் கஷ்டமே இல்லை. எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். இப்போதுதான் மனுஷன் தெளிந்தான் என்றார்கள். எனக்கு அவர்களையெல்லாம் அறைய வேண்டும்போல் இருந்தது.

அடுத்த வருஷம், கடல் இல்லாத ஊராகப் பார்த்து, சேலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இப்போது அடையாறில் இருக்கிறேன். குடிதண்ணீர் கேனில் வருகிறது. எப்போதாவது என் மனைவி கை தவறி சாம்பாரில் உப்பைக் கூடப் போட்டுவிடுவாள். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். நான் இன்னொரு கரண்டி விடச் சொல்லி, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.