செத்தது யார் என்று முதல் வரியில் சொல்லவும்

மெல்போர்னில் ஸ்டார்ட்அப் தொடங்கிய தமிழர்களில், தன் கம்பெனி என்ன செய்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர் எவராவது இருந்தால், அவர் அறிவித்தல் அக்காவிடம் திட்டு வாங்கியவர் என்று சத்தியமே செய்வேன்.

ஸ்பிரிங்வேலில் ஒரு மீன்கடைக்கு மேலே ஏழெட்டுக் கம்பெனிகள் சேர்ந்து ஒரே கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். மூலை மேசை அக்காவுடையது. என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் அவர் அக்கா, நான் தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடம் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தவர். இப்போது ஸ்டார்ட்அப்காரர்களுக்கு, வெளியே எதை எப்படிச் சொல்வது என்று ஆலோசனை சொல்வது தொழில். வானொலியை விட்டாரே தவிர, அந்தக் குரலை விடவில்லை.

நம் வெப்சைட்டைத் திறந்து அதே குரலில், நிறுத்தி நிதானமாக வாசிப்பார். "புதுமையின் மீது தீராத வேட்கை கொண்ட..." என்று தொடங்கினாலே பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்றுவிடுவார். ஒரு நிறுவனர் தன் பெயர் வந்த இடத்தில் கண்கலங்கி, அன்றே அந்தப் பக்கத்தை அழித்தார்.

அக்காவின் கொள்கை ஒன்றுதான். உலகத்திலேயே தெளிவாக எழுதப்படுவது மரண அறிவித்தல் மட்டும்: யார், என்ன ஆனது, எப்போது, எங்கே, யாரைக் கூப்பிடுவது. சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று நான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

பிறகு எங்களுக்கே வந்தது வினை. நானும் என் கூட்டாளி கார்த்திக்கும் நடத்தியது, முதியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போகக் கார் அனுப்பும் ஆப். வாடிக்கையாளர் ஒரே ஒருவர்: ரோவில் என்ற புறநகரின் தமிழ் முதியோர் சங்கம். கோடை வருகிறதென்று, இந்த நாட்டு வழக்கப்படி, அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஊரே தள்ளியது, எங்கள் ஆப் தள்ளவில்லை. திங்கள் காலை எல்லாக் கார்களும் ஒரு மணி நேரம் தாமதம். அத்தனை அங்கிள், ஆன்ட்டிகளும் டாக்டரைத் தவறவிட்டு வாசலில் நின்றார்கள். எங்களை வைத்திருப்பதா விலக்குவதா என்று முடிவெடுக்கச் சங்கம் மாலையே கூடுகிறதாம். விலக்கினால் கம்பெனியே காலி.

வியர்க்க விறுவிறுக்க ஓர் அறிக்கை எழுதினேன். 'எதிர்பாராத தொழில்நுட்பச் சவால்', 'சேவையில் சிறு மாற்றம்' என்று அழகழகாக வந்தது. அக்கா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, இதில செத்தது ஆர்?"

"யாரும் சாகலீங்கக்கா. கார் லேட்டு, அவ்வளவுதான்."

"அப்ப அதை முதல் வரியில சொல்லுங்கோ. ஆரின்ர பிழை எண்டும் சொல்லுங்கோ."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரே தட்டினார். கார்கள் ஒரு மணி நேரம் பிந்தின. கடிகார மாற்றத்தை நாங்கள் கவனிக்கவில்லை, பிழை எங்களுடையது. டாக்டரிடம் புது நேரம் நாங்களே எடுத்துத் தருவோம். ஆறே வரி, கீழே தொடர்பு எண்கள். முழுதாகப் படிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அனுப்பச் சொல்லிவிட்டேன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

மாலை வரை என் போன் ஓயவில்லை. திட்டினார்கள்; திட்டி முடித்து, புது நேரம் கேட்டார்கள். மூலையில் அக்காவின் போனும் ஏனோ ஓயவில்லை. ஆறு மணிக்குச் சங்கத் தலைவர் அழைத்தார். ஒளிக்காமல் சொன்னீர்கள், தொடர்ந்து செய்யுங்கள் என்றார். கார்த்திக் மேசைமேல் தலையைச் சாய்த்து அழுதே விட்டான்.

அப்போதுதான் நாங்கள் அனுப்பியதை முழுதாகப் படித்தேன். என் எண், கார்த்திக் எண், மூன்றாவதாக அக்காவின் எண். மூன்றுக்கும் மேலே, மரண அறிவித்தல் வழக்கப்படியே, 'தகவல்: குடும்பத்தினர்'.

"உங்க நம்பர் எதுக்குக்கா?" என்றேன்.

"ரெண்டு பேர் காணாது தம்பி. திட்டு வாங்கிறதுக்கு வீட்டில ஆக்கள் வேணும்."

என் சொந்தபந்தமெல்லாம் கோயம்புத்தூரில். இந்த ஊரிலும் எனக்குக் குடும்பம் உண்டு என்பதை நான் எழுத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.