கட்டிலடி விரால்

நோய் பார்க்க வருகிறவர்களில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பத்தியம் சொல்லிவிட்டுப் போகாமலே இருக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது இனத்தை நீங்கள் பார்த்ததில்லையா? மலாய் நாட்டில் ஜப்பான்காரன் ஆட்சி நடந்தபோது, குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு காஜா பெராங் தெரு வீட்டுக்குத் திரும்பிய தெய்வநாயகம் பார்த்தார். படுத்தபடியே பார்த்தார்.

வந்தவர் பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம். நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு, புண்கட்டை முகர்ந்து, நாக்கை நீட்டச் சொல்லி, ஆஸ்பத்திரி மருந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "வெட்டுறது இங்கிலீஷ் வைத்தியம் தம்பி, ஆத்துறது நம்ம வைத்தியம்" என்றார். சோறு ஆகாது, சீழ் கட்டும். முட்டை சூடு. கறி ஆகவே ஆகாது. அந்தப் பஞ்சத்தில் இவற்றை யார் கண்ணால் கண்டது? ஊரில் கிடைத்தது மரவள்ளிக் கிழங்கு ஒன்றே. அதுவும் வாயுவாம்.

"அப்ப இவரு என்னத்தைத்தான் திங்கிறது, ஐயா? விரால் ரசமாச்சும் குடிக்கலாமா?" என்றாள் மனைவி நாகம்மா. கல்யாணச் சேலையைக் கொடுத்துத் தெங்கேரா சந்தையில் உயிருள்ள விரால் ஒன்று வாங்கி வந்திருந்தாள். மலாய்க்காரர்கள் ஹருவான் என்பார்களே, அறுத்த புண்ணை ஆற்றும் மீன். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் அந்த ரசத்தைத்தான் நம்பியிருந்தார்.

"ரசமா? அநியாயம்!" என்றார் மாணிக்கவாசகம். "தொட்டியில விட்டுக் கட்டிலுக்கு அடியில வையி. புண்ணுச் சூட்டை அது இழுத்துக்கும். தையல் பிரிக்கிற வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டா இழுத்த சூட்டைத் திருப்பி விட்டுரும்!"

நாகம்மா பணிவாகத் தலையாட்டினாள். மாலையில் விராலைச் சட்டிக்கு மாற்றிவிட்டு, வெறும் தண்ணீரைப் பத்திரமாக மூடிவைத்தாள். தலை ஒரு நாள், நடுத்துண்டு ஒரு நாள், அப்புறம் முள்ளையே மறுபடி மறுபடி கொதிக்கவைத்தாள்.

மாணிக்கவாசகம் தினமும் வந்து மூடியைத் தட்டுவார். "கேக்குதா? இழுக்குது!" தெய்வநாயகம் ஏப்பம் விடுவார். மிளகு வாசம் வீசும். "பாத்தியா, சூடு வெளியேறுது!"

தையல் பிரித்தார்கள். புண் சுத்தமாக ஆறியிருந்தது. தெருவையே கூட்டிவைத்து மூடியைத் திறந்தார் மாணிக்கவாசகம். தண்ணீர்தான் இருந்தது. நாகம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். தெய்வநாயகம் வந்த ஏப்பத்தை விழுங்கிக்கொண்டார்.

"அடேயப்பா!" என்றார் மாணிக்கவாசகம். "மீனே கரைஞ்சுபோற சூடு! நான் மட்டும் சொல்லலேன்னா நீ கரைஞ்சிருப்பே, தம்பி!"

சில மாதம் கழித்து புக்கிட் ரம்பாயில் சிநேகிதர் கருணாகரனுக்குக் காலில் அறுவை. பார்க்கப் போன தெய்வநாயகம் நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்தார். வாய் தானாகத் திறந்தது. "வெட்டுறது இங்கிலீஷ் வைத்தியம், தம்பி..."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், அந்த ரசத்தில் நாலு பல் பூண்டும் தட்டிப் போட்டிருக்கலாமே என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், புண்ணியமாகப் போகும், நோய் பார்க்க ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதீர்கள்.