அப்பா வலப்பக்கம்தான் விழுவார்

கார்க்களா

மரியாதைக்குரிய சேசப்ப மாமாவுக்கு,

மருமகன் நிதேஷ் வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, மழை, பாக்கு எல்லாம் நலம். மும்பையில் அத்தையும் ஹோட்டலும் நலமென்று நம்புகிறேன். அப்பா நலமில்லை, ஊரில் அப்படிச் சொல்கிற ஒரே ஆள் நான்தான்.

சர்க்கரையால் அவர் பாதத்து நரம்புகள் மரத்துவிட்டன. ஒரு செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் சந்தைக்குப் போய்வருகிறார். தரை எங்கே என்று காலுக்குத் தெரியாது, கண்தான் சொல்ல வேண்டும். கண்ணை மூடினால் ஆள் சாய்ந்தார். மெக்கானிக்கல் படித்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. மங்களூர் டாக்டர் கைத்தடி பிடி, வெறுங்காலோடு நடக்காதே என்றார். அப்பா தலையாட்டிவிட்டு நேரே தெய்வம் ஆடும் கோலாவுக்குப் போனார், வெறுங்காலோடு. கைகூப்பிக் கண்ணை மூடினார். லேசாக ஆடினார், பிறகு நன்றாகவே ஆடினார். பூசாரி தீவட்டியை நகர்த்தி, அப்பாவைக் காட்டி, "தூமண்ணனுக்குத் தெய்வம் வந்துட்டுது, யாரும் தொடாதீங்க" என்றார். பிடிக்க ஓடிய என்னை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அப்பா விழுந்தார். வீங்கிய மண்டைமேல் பாக்குப் பூ தூவினார்கள். இது நரம்புக் கோளாறு என்றேன். ரொம்பப் படிச்சா இப்படித்தான் ஆகும் என்று எனக்கும் கொஞ்சம் தூவினார்கள்.

அதிலேர்ந்து விடிஞ்சா வாசல்ல கூட்டம். தொலைஞ்ச எருமை, அமையாத கல்யாணம், எல்லாத்துக்கும் அப்பா கண்ணை மூடி நிக்கணும், எந்தப் பக்கம் விழறாரோ அதுதான் தீர்ப்பு. வலது கால்தான் ரொம்ப மோசம், அதனால எப்பவும் வலப்பக்கம்தான். ஒருத்தனுக்கும் அது உறைக்கலை. போன வாரம் மணிக்கட்டு போச்சு, அடுத்தது இடுப்புதான், அப்புறம் படுக்கைதான். ஏன் இப்படின்னு கேட்டேன்.

"தடி ஊனிப் போனா கிழவன்கிறான், விழுந்தா சாமிங்கிறான். எதுடா மேல்?"



நம் வழக்கப்படி இந்த வீட்டு யஜமானர் தாய்மாமனாகிய நீங்கள். நீங்கள் சொன்னால் அவர் மீற முடியாது. உடனே கைத்தடியோடு புறப்பட்டு வந்து இந்தக் கூத்தை நிறுத்துங்கள்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் பாதம் தொட்டு ஆசி கேட்கும்,
நிதேஷ்

பி.கு: மாமா, உடனே வர வேண்டாம். நம் கிணற்று எல்லைத் தகராறில் அப்பா விழுகிற பக்கத்தை ஏற்றுக்கொள்வதாகப் பக்கத்து நிலத்து வாசு ரை ஊரார் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. அப்பாவை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்று அளந்தாயிற்று. வலப்பக்கம் நம் நிலம், வைக்கோலும் பரப்பிவிட்டேன். கைத்தடியைத் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள்.