துவக்கர் துவக்கு வாங்கிய கதை

சிசிலித் தீவின் காட்டுப்பன்றிகள் எல்லாம் ஒன்றுகூடி, தங்கள் இனத்துக்குப் பேருதவி செய்த மனிதர் ஒருவருக்குச் சிலை வைப்பதென்று தீர்மானித்தால், அதைப் பலேர்மோ நகரின் சீசாப் பகுதியில் எங்கள் கட்டடத்தின் முதலாம் மாடியில் இருக்கும் துவக்கருக்குத்தான் வைக்கவேண்டும். அவரைப் போல் பன்றிகளுக்கு எதிராகப் பேசியவரும் இல்லை, பன்றிகளை அவ்வளவு நிம்மதியாக வாழவிட்டவரும் இல்லை.

துப்பாக்கியை இலங்கையில் எங்கள் பக்கம் துவக்கு என்போம். துவக்கு வைத்திருப்பவரைத் துவக்கர் என்பது நியாயம். இவரிடம் துவக்கு இருக்கவில்லை, துவக்கைப் பற்றிய பேச்சுத்தான் இருந்தது. ஞானஸ்நான வீட்டில் பேசுவார், பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசுவார், செத்த வீட்டில் பெட்டி மூடும்வரை பொறுத்திருந்து பேசுவார். மன்னாரில் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது இப்போது பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

வினை தொடங்கியது அவருடைய மனைவி ஞானம் அக்காவின் தோட்டத்தில். அக்கா ஒரு சின்னோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் வேலை செய்கிறார். மொன்றியாலே ஊருக்கு மேலே மலைச்சரிவில் சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தை, "கல்மதிலை ஒழுங்காக வைத்திருந்தால் நீ பயிர் செய்யலாம்" என்று சின்னோரா கொடுத்திருந்தார். அக்கா கத்தரி வைத்தார், வெண்டி வைத்தார், வத்தாளங்கிழங்கு வைத்தார். கிழமை முழுக்க அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைக்கிற மனிசிக்கு, முழங்கால் ஊன்றினால் தனக்கென்று ஏதாவது முளைக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே காட்டுப்பன்றி இறங்கியது. மதிலை இடித்து, பாத்தியை உழுது, பச்சைமிளகாயை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போனது.

அக்கா அழுதார். துவக்கர் எழும்பி நின்றார்.

"நீ ஒண்டுக்கும் கவலைப்படாதை. நான் துவக்கு வாங்கிறன்."

வேறு ஆளென்றால் வேலி போட்டிருப்பான். இவர் துவக்கு என்றார். அதுவும் ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ற்றை இழுத்துத் தள்ளவேண்டிய ரைபிள்தான் வேண்டுமாம். "தன்பாட்டிலை அடுத்தடுத்து வெடிக்கிறதை வைச்சிருக்கிறவன் யோசிக்கமாட்டான், தம்பி. போல்ற் எண்டால் ஒவ்வொரு வெடிக்கும் யோசிக்கோணும்" என்றார். யோசிப்பதில் அவருக்கு இருந்த திறமையைக் கண்டு நான் முதலாவது வெடிக்கே பயந்தேன்.

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது என் பாவம். சனிக்கிழமை தோறும் துவக்குக் கடைக்கு நான்தான் சாரதி. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி சேர்ட் மினுக்கிப் போட்டுக்கொண்டு வருவார். கடைக்காரர் ஒரு ரைபிளை எடுத்துக் கொடுத்தால், கண்ணை மூடி, பிடங்கைத் தோளில் வைத்து, கன்னத்தை அதில் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறப்பார். திறந்ததும் கண் நேராகக் குறியில் நிற்கவேண்டுமாம், அப்போதுதான் துவக்கு ஆளுக்கு அளவாம். நின்றாலும் குறை சொல்வார். ஒன்று பாரம் கூட, மலையேற இழைக்கும். அடுத்தது பாரம் குறைவு, தோளில் உதைக்கும். ஒன்றின் குழல் நீளம், பற்றைக்குள் மாட்டும். மற்றதின் குழல் கட்டை, வெடிச்சத்தம் காதைப் பிளக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கடையில் கோணாத ரைபிள் ஒன்றுகூட இருக்கவில்லை. கடைசியில் எங்கள் கார் தெருமுனையில் திரும்பியதுமே கடைக்காரர் 'சாப்பாட்டு நேரம்' என்ற பலகையை எடுத்து மாட்டத் தொடங்கினார். அப்போது காலை பத்து மணிகூட ஆகியிருக்காது.

அடுத்தது கலிபர், அதாவது ரவை என்கிற குண்டின் பருமன். இதை அவர் குறிசுடும் திடலில் தீர்மானிக்கவில்லை, கறிச்சட்டியை வைத்துத் தீர்மானித்தார். ஒரு பிள்ளையின் முதல்நன்மை விருந்தில் கோழிக்காலைத் தூக்கிப் பிடித்து விளக்கம் கொடுத்ததை நான் கண்ணால் கண்டேன்.

"பண்டி எண்டுறது யானையும் இல்லை, முயலும் இல்லை. நடுத்தரம். பெரிய ரவையாலை அடிச்சால் தோள் இறைச்சி முழுக்கச் சிதறிப்போம். பிறகு ஆர் அதைக் கறி வைக்கிறது? சின்னனாலை அடிச்சால் காயத்தோடை ஓடிப்போய் எங்கையோ கிடந்து சாகும், அது பாவம். நடுத்தரத்துக்கு நடுத்தரம்தான்."

கேட்டுக்கொண்டிருந்தவரின் வடையைப் பேச்சு வேகத்தில் அவரே எடுத்துத் தின்றார். ஞானம் அக்கா மறு மேசையிலிருந்து சொன்னார்: "உங்கடை துவக்கு வாறதுக்குள்ளை பண்டிக்குப் பேரப்பிள்ளையளும் பிறந்திடும்."

உண்மையில் பிறந்துவிட்டன. இரண்டாம் மாரியில் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தன.

துவக்கருக்குத் தொழில் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் படிகளைக் கழுவுவது. அங்கேதான் பயிற்சி. தும்புத்தடியைத் தோளில் வைத்து, கன்னம் அசையாமல் வலது கையால் இல்லாத போல்ற்றைத் தூக்கி இழுத்துத் தள்ளிப் பழகுவார். ஒருநாள் மூன்றாம் மாடிக் கிழவி கதவைத் திறந்தார், தன் நெஞ்சுக்கு நேரே நீண்டிருந்த தடியைக் கண்டார், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். இவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "பயப்படாதையுங்கோ சின்னோரா, சேஃப்ரிப் பூட்டுப் போட்டுத்தான் இருக்கு" என்று இத்தாலிய மொழியில் ஆறுதல் சொன்னாராம். இதைப் பெருமையாக என்னிடம் வந்து சொல்ல வேறு செய்தார்.

எழுதப் படிக்கச் சோம்பல்படுகிற மனிதர், எப்படியோ துவக்கு லைசென்ஸ் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டார். கேள்வி கேட்டவரையே இவர் திருப்பிக் கேள்வி கேட்டதால், தொல்லை விட்டால் போதும் என்று கொடுத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் பன்றிகள் மதிலை மறுபடியும் இடித்தபோது சின்னோராவின் பொறுமை போய்விட்டது. நத்தார்ப் பெருநாளுக்குள் மதில் நிமிர்ந்து நிற்கவேண்டும், பன்றியும் வரக்கூடாது, இல்லாவிட்டால் நிலத்தை மருமகனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்தார். தோட்டத்துப் படலைப் பூட்டின் திறப்பை மேசையில் துவக்கருக்கு முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

அந்தச் சனிக்கிழமை துவக்கர் துவக்கு வாங்கினார். வால்நட் மரப் பிடங்கு, அளவான குழல், அளவான பாரம், நடுத்தரக் கலிபர். கடைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்தார். சரிவில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போகிற ஊர்க்காரர்கள் அவரையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் கூடி வந்தது. நானே கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கத் தொடங்கினேன். அந்த மரியாதை மறுநாள் பின்னேரம்வரைதான் நீடித்தது.

மறுநாள் தமிழ்ப் பூசைக்கு அவரையும் அக்காவையும் காரில் கூட்டிப்போனேன். ஒரு நீளப் பையைக் காருக்குள் வைத்தார்.

"இதென்ன அண்ணை?"

"பூசை முடிய உனக்கு விளங்கும்."

மன்னாரில் புது வள்ளம் சுவாமியார் ஆசீர்வதிக்காமல் கடலில் இறங்காது. வலையும் அப்படித்தான். இங்கேயும் பூசை முடிந்ததும் எங்கள் சனம் புதுக் கார்த் திறப்பு, கடைத் திறப்பு, சுரூபம் என்று கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் துவக்கரும் நின்றார். அவருடைய முறை வந்ததும் பையைத் திறந்து ரைபிளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முழந்தாளிட்டார்.

சுவாமியாரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "இதென்னப்பா?"

"புதுத் துவக்கு சுவாமி. முதல் வேட்டைக்கு முன்னம் ஆசீர்வதிச்சுத் தாங்கோ. ஆனால் குழலுக்குள்ளை தீர்த்தம் படாமல் தெளியுங்கோ, கறள் பிடிச்சிடும்."

கோயில் திறப்பு வைத்திருக்கிற இத்தாலியக் கிழவர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். சுவாமியாருக்கு முன்னால் ரைபிளோடு ஒரு மனிதர். அவர் வேறென்ன செய்வார்? வெளியே ஓடிப்போய்ப் பொலிசைக் கூப்பிட்டார். இரண்டு வாகனம் வந்தது. அதிகாரி கதவடியிலிருந்தே கத்தினார். சனம் இருக்கை வாங்குகளுக்குக் கீழே பதுங்கியது. துவக்கர் மட்டும் முழந்தாளிலேயே இருந்தார், இன்னும் ஆசீர்வாதம் முடியவில்லையாம்.

"கோயிலுக்குள் ஏன் ஆயுதம்?"

"ஆசீர்வாதத்துக்கு."

"போல்ற் எங்கே?"

சேர்ட் பொக்கற்றிலிருந்து கைலேஞ்சியில் சுற்றிய போல்ற்றை எடுத்துக் கொடுத்தார். பாதுகாப்புக்காகக் கழற்றி வைத்திருந்தாராம்.

"ரவை எங்கே?"

துவக்கர் தலையைக் குனிந்தார். "அது இன்னும் வாங்கேல்லை ஐயா. ஒரு ரவை நூற்றைம்பது கிரெயின் பாரமோ நூற்றெண்பதோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

அதிகாரிக்கு முகத்தை எப்படி வைத்திருப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். சுவாமியார் மன்றாடியதால் பெர்மெசோவுக்கு ஒன்றும் வரவில்லை, லைசென்சும் துவக்கும் போய்விட்டன. வெண்ணெய் திரண்டுவர இவர் தாழியை உடைத்தார் என்றுகூடச் சொல்லமாட்டேன், தாழியைக் கொண்டுபோய்ப் பீடத்தில் போட்டு உடைத்தார். திரும்பக் காரில் வந்தோம். சீசாவில் இறங்கும்போது, "தம்பி, நீ என்ன சொல்லுறாய், நூற்றைம்பதோ நூற்றெண்பதோ?" என்று கேட்டார். நான் கார்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

அடுத்த நாளிலிருந்து அந்த மனிதர் வேலை முடிந்ததும் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனார். கல்லைப் பொறுக்கி மதிலை அடுக்குவார். பொழுதுபடுகிற நேரம், பன்றி இறங்குகிற நேரம், மதிலில் ஏறியிருந்து எனக்குப் போன் எடுப்பார். துவக்குப் போன பிறகும் துவக்குப் பேச்சுப் போகவில்லை. குழல் நீளம், போல்ற் தூக்கும் கோணம், விசையின் இறுக்கம், எல்லாம் பற்றைக் காடு அதிரக் கத்திச் சொல்லுவார். நான் போனை மேசையில் வைத்துவிட்டுச் சமைப்பேன். எனக்கு மேசை இருந்தது. பன்றிகளுக்கு அது இல்லை. எங்களைப் போல அவையும் இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு மலைக்குப் போய்விட்டன.

நத்தாருக்கு முதல் நாள் சின்னோரா வந்தார். மதில் நின்றது, பன்றி இல்லை. திறப்பு அக்காவிடமே இருந்தது. "பாத்தியா தம்பி, நான் துவக்கெடுத்தன் எண்டு பண்டியளுக்கு விளங்கீட்டுது" என்றார் துவக்கர். இப்படியும் ஒரு மனிதர்!

போன வருடம் அவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன். ஆள் சுகம், குரல் மட்டும் திரும்பி வரவில்லை. ஞானஸ்நான வீடுகளில் இப்போது நிம்மதியாகச் சாப்பிடலாம். நான் இரண்டு வீட்டில் சாப்பிட்டுப் பார்த்தேன், வாய்க்குப் பிடிக்கவில்லை.

பன்றிகளுக்கும் செய்தி எட்டியிருக்கவேண்டும். இந்த மாரியில் மதிலடியில் புதுக் குளம்படி கிடந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒருக்கா வந்து கதைச்சுப்போட்டுப் போவன்."

போனேன். துவக்கர் மதிலடியில் கதிரை போட்டு, கழுத்தில் மப்ளரோடு இருந்தார். பற்றைக்குள் சரசரப்புக் கேட்டது. எனக்கு வேறென்ன தெரியும்? "குழல் கட்டையாய் இருந்தால் பற்றைக்குள்ளை மாட்டாது!" என்று கத்தினேன். அவர் தலையாட்டினார். "பாரம் கூடின துவக்கு நல்லா உதைக்கும்!" என்றேன். பிழை என்று தன் தொடையில் ஓங்கி அடித்தார். திருத்திச் சொன்னேன். எனக்கே தெரியாமல் எல்லாம் பாடமாகியிருந்தது. சரசரப்பு மேலே மேலே ஏறிப் போய்விட்டது.

சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. அவருக்குப் பக்கத்தில் மதிலில் குந்தினேன்.

"அண்ணை, அப்ப கடைசியாய் என்ன முடிவு? நூற்றைம்பதோ, நூற்றெண்பதோ?"

துவக்கர் மலையைப் பார்த்தார். கையை உயர்த்தினார். அங்கும் இங்கும் ஆட்டினார். இன்னும் முடிவில்லை.

"யோசியுங்கோ அண்ணை," என்றேன், "ஒரு அவசரமும் இல்லை. நான் நாளைக்கும் வாறன்."