ஒன்பதாம் பாடம் மூன்று முறை வாசிக்கப்பட்ட வரலாறு

அன்பும் பொறுமையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். உங்கள் அக்கா சுகமா என்பதை அவளே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. நான்கு நாளாகத் திறக்கவில்லை. அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்காதீர்கள். நான் போனில் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் பஞ்சாயத்து என்று வந்துவிட்டால் முதலிலிருந்து சொல்லித்தான் ஆக வேண்டும். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்காக உங்கள் அக்கா புவியியல் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து தருகிறாள். மொத்தம் பத்துப் பாடம். வாசிப்பது அவள், அனுப்புவது நான். அதற்காகத்தான் போன மாதம் நீங்கள் வந்தபோது ஃபைல் அனுப்பும் மென்பொருளைப் போட்டுக்கொடுத்தீர்கள். இடது பக்கம் நம் வீடு, வலது பக்கம் பள்ளிக்கூடம், இங்கிருந்து இழுத்து அங்கே போடுங்கள் என்றீர்கள். போட்டேன். பள்ளியின் ஒலிநூலகப் பொறுப்பாளர் அம்மா ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்து, சரியென்றால் ‘ஏற்கப்பட்டவை’ என்ற ஃபோல்டருக்கு மாற்றுவார். அதில் ஏறினால்தான் பிள்ளைகள் கேட்க முடியும். எட்டுப் பாடம் ஏறிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பரீட்சை.

ஒன்பதாம் பாடம் எரிமலைகள். போன சனிக்கிழமை காலை அனுப்பினேன். மாலையில் ‘ஏற்கப்பட்டவை’யைத் திறந்தால் எட்டுதான் இருந்தது. மறுநாள் காலை எட்டு, மாலையும் எட்டு. முப்பத்துநான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். பட்டியலை நம்பாதே, அலமாரியைப் போய்ப் பார் என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்! ஆனால் மச்சான், திரையில் தெரிவதுதான் அலமாரி என்று நினைத்துவிட்டேன். எட்டை ஏற்றவர் ஒன்பதை ஏற்கவில்லை என்றால் வாசிப்பில் குறை என்றுதானே அர்த்தம்? பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

“கொஞ்சம் வேகமாப் படிச்சிட்டியோ?”

“அவங்க சொன்னாங்களா?”

“சொல்லல. ஆனா ஏத்துக்கலயே.”

பாவம், திங்கட்கிழமை மறுபடியும் வாசித்தாள். எதிரொலி வரக் கூடாது என்று துணி அலமாரியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்க்க விறுவிறுக்க நாற்பது நிமிஷம். அனுப்பினேன். மாலையில் பார்த்தால் அதே எட்டுதான். உணர்ச்சி போதாதோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன். “எரிமலைன்னு சொல்றப்ப ஒரு சூடு வேணாமா?” என்றேன். செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறை வாசித்தாள். சூடு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் துளை போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். அன்று மாலையும் எட்டுதான். நான் அறை வாசலில் போய் நின்றதுமே அவளே கேட்டாள்.

“இப்ப என்ன குறை?”

“குரல்ல லேசா கோபம் தெரியுது.”

“பத்தாம் பாடத்த நீங்களே படிச்சுக்குங்க.”

கதவு சாத்தப்பட்டது. பத்தாம் பாடம் பனிப்பாறைகள். அன்று முதல் வீடே அந்தப் பாடமாகத்தான் இருக்கிறது. நானே வாசித்தும் பார்த்தேன். நான்கு வரிக்கு ஆறு இருமல், திரும்பப் போட்டுக் கேட்டால் எனக்கே தூக்கம் வருகிறது. இதைக் கேட்டு எந்தப் பிள்ளை பாஸாகும்?

புதன்கிழமை காலை பொறுப்பாளர் அம்மா போன் செய்தார்.

“ஐயா, எரிமலைய ஏன் மூணு தடவ அனுப்பியிருக்கீங்க? மூணுமே நல்லா இருக்கு. அதுலயும் மூணாவது பிரமாதம். பசங்க அதத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க.”

“நீங்க ஏத்துக்கவே இல்லயேம்மா?”

“சனிக்கிழம சாயங்காலமே ஏத்திட்டேனே! அந்த சாஃப்ட்வேர நீங்க கடைசியா எப்ப மூடித் திறந்தீங்க?”

எங்கே மூடினேன்? எட்டாம் பாடத்தன்று கரண்ட் போய் வந்ததில் பாஸ்வேர்டு மறந்து அரை நாள் திண்டாடினேன். அதிலிருந்து மூடுவதே இல்லை. பிறகுதான் அந்த அம்மா விளக்கினார். ஒரு ஃபோல்டரை முதல்முறை திறக்கும்போது இந்த மென்பொருள் பள்ளிக்கூடத்துக் கணினியிடம் போய்க் கேட்டுப் பட்டியலை வாங்கி வருமாம். வாங்கியதைத் தன்னிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுமாம். அடுத்த முறை நாம் திறந்தால் போய்க் கேட்காமல் கையிலிருக்கும் பழைய பட்டியலையே நீட்டுமாம். போய்வரும் நேரம் மிச்சமாம்! மேலே வட்டமாக வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினால்தான் மறுபடி எழுந்து போகுமாம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்ததென்னவோ ஆச்சரியம். உடனே சோதித்துப் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. “ஏதாவது ஒரு வெறும் ஃபைல அங்க போடுங்கம்மா” என்றேன். போட்டார். என் திரையில் இல்லை. அம்பை அழுத்தினேன், வந்தது! “இப்ப அழிச்சிடுங்க” என்றேன். அழித்தார். என் திரையில் அது கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இல்லாத ஃபைலை நான் கண்ணால் பார்க்கிறேன், மச்சான்! அழுத்தினேன், மறைந்தது. பதினோராவது முறை அவர், “ஐயா, எனக்கு வேற வேலையும் இருக்கு” என்றார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. பழைய பட்டியல் என்றால் ஓரத்தில் ‘இது போன வாரத்தது’ என்று ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடும்? பால் பாக்கெட்டில்கூடத் தேதி இருக்கிறதே! நானே ஒரு ஃபைலை அனுப்பினால் அந்த ஃபோல்டரின் பட்டியலை மட்டும் தானாகத் திருத்திக்கொள்கிறது. அடுத்தவர் செய்த மாற்றம் மட்டும் ஏன் தெரிவதில்லை? செட்டிங்ஸில் துழாவியதில் ‘ஃபோல்டர் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்’ என்று ஒரு கட்டமும், அதில் ஒரு டிக்கும் கண்ணில் பட்டன. அந்த டிக்கை வைத்தது நீங்களா, அது பிறக்கும்போதே அப்படித்தானா? இதற்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும்.

இத்தனையையும் மூடிய கதவின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தப்பு என்னுடையதல்ல, பட்டியலுடையது என்று உங்கள் அக்காவுக்கு ஒரு மணிநேரம் விளக்கினேன். புதன்கிழமை காலை அம்பை அழுத்தியதிலிருந்து என் பட்டியல் சரியாகிவிட்டது. தினமும் காலையும் மாலையும் பார்க்கிறேன். எரிமலை மூன்றையும் சேர்த்துப் பதினோரு ஃபைல்கள், பத்தாம் பாடம் மட்டும் இல்லை. ஆகவே மச்சான், உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். கடிதம் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். குற்றவாளி மென்பொருள்தான் என்று உங்கள் வாயால் சொல்லி, அவளைப் பத்தாம் பாடத்தை வாசிக்க வையுங்கள். நாற்பது பிள்ளைகள் பனிப்பாறை தெரியாமல் பரீட்சை எழுதினால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல ஞாபகசக்தியோடும், அதை அளவாகப் பயன்படுத்தும் அறிவோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
பேச்சுத்துணை இல்லாத உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் எதற்கும் இருக்கட்டும் என்று அம்பை இன்னொரு முறை அழுத்தினேன். பன்னிரண்டு ஃபைல்கள். பத்தாம் பாடம் இருக்கிறது. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ஏறியிருக்கிறது. நான் முடிவெட்டப் போயிருந்த நேரம். அனுப்பியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, மச்சான். அவள் போனில் வாசித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள் போலிருக்கிறது. முழுவதையும் கேட்டேன். பனிப்பாறைகள் எல்லாம் உருகி முடிந்த பிறகு உங்கள் அக்கா சொல்கிறாள்: “பிள்ளைங்களா, நல்லாப் படிங்க, நல்லா எழுதுங்க. இந்தப் பாடம் வந்திருக்குன்னு எங்க வீட்டுக்காரர் தானாக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அவரோட பேசறதில்லன்னு இருக்கேன். தயவுசெஞ்சு யாரும் அவருக்குச் சொல்லிடாதீங்க.” நாற்பது பிள்ளைகளும் ஒரு பொறுப்பாளர் அம்மாவும் நீங்களும் மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நீங்கள் வர வேண்டாம். நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.