விமானி கடிகாரமும் கோபுரச் சுழியும்

கிழக்குப் பாலக்காட்டில் ஓர் எல்லைச் சோதனைச்சாவடி. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே இருக்கிறவர்கள் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். அந்தச் சாவடியில் திருவாளர் ஈஸ்வரமூர்த்தி அவர்கள் ஹெட்கிளார்க்காகப் பதவி உயர்வு பெற்றார். ‘பணியில் சேர்ந்த நாள் முதல் ஒரு தவறும் செய்யாதவர்’ என்று உத்தரவில் எழுதியிருந்தது. சத்தியமான வார்த்தை. வேலை என்று ஒன்றைச் செய்தால்தானே தப்பு வரும்?

ஆனால் அந்த உயர்வு தற்காலிகமானது. மேலதிகாரி நேரில் வந்து பார்த்து, ஒரு கையெழுத்துப் போட்டால்தான் நாற்காலி நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி ஜன்னலோர ஸ்டூல். எமர்ஜென்சி வேறு வந்திருந்தது. ‘நேரம் தவறாமையே நாட்டின் உயர்வு’ என்று சாவடிச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். எழுத வந்த பெயிண்டர் மட்டும்தான் அன்றைக்கு நேரத்துக்கு வந்தவர்.

இவ்வளவு பெரிய சாதனைக்கு அடையாளமாக ஏதாவது வாங்க வேண்டாமா? அந்த வட்டாரத்து உத்தியோகஸ்தர்களுக்கு அப்போது கடிகாரப் பித்துப் பிடித்திருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் கடிகாரம் கடலுக்கு அடியில் போனாலும் ஓடுமாம். மனுசனுக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். விவசாய ஆபீசரின் கடிகாரம் வளர்பிறை தேய்பிறை காட்டியது. இவர்களை எல்லாம் ஒரே அடியில் சாய்க்க வேண்டுமென்றால் ஆகாசத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஈஸ்வரமூர்த்தி யோசித்தார். விமானம் ஓட்டுகிறவன் கட்டுகிற சீமைக் கடிகாரமே வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். உத்தியோக வாழ்க்கையில் அவர் எடுத்த முதல் தீர்மானம் அதுதான்.

அவர் குடும்பத்தில் தரகர் இல்லாமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. எனவே வேலந்தாவளம் மாட்டுச்சந்தைத் தரகர் சின்னையனைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனார்.

கடைக்காரர் பஞ்சு வைத்த பெட்டியைத் திறந்தார். கருத்த முகம். எண்களே கிடையாது, வெறும் கோடுகள். உள்ளே மூன்று குட்டி வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி முள்.

“சார் பிளேன் ஓட்டறீங்களா?” என்று கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

“ஹெட்கிளார்க்கு” என்றார் ஈஸ்வரமூர்த்தி, அதற்கும் மேலான குரலில்.

சின்னையன் கடிகாரத்தை வாங்கி, முகத்தைத் தடவி, முதுகைத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். “மூச்சு சுத்தமா இருக்குதுங்க” என்றார். பிறகு வெளிச்சத்தில் பிடித்தவர் முகம் சுண்டிப் போனது.

“ஏனுங்க, முகத்துல மூணு சுழி இருக்குதுங்களே!”

“அது சுழியில்லைங்க, நொடி கணக்குப் பார்க்கிற வட்டம்” என்றார் கடைக்காரர்.

“நீங்க சும்மா இருங்க. எத்தனை மாட்டுக்குச் சுழி பார்த்தவன், எனக்குத் தெரியாதாக்கும்? பக்கத்துக்கு ஒண்ணு, கீழே ஒண்ணு. இது விலங்குச் சுழிங்க. கட்டுன கைக்கு விலங்கு மாட்டாம விடாதுங்க.”

எமர்ஜென்சி நேரத்தில் விலங்கு என்ற பேச்சே ஆகாது. ஈஸ்வரமூர்த்தி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். ஆசைப்பட்ட சாமானை விடவும் மனசில்லை. சின்னையனுக்கோ தரகை விட மனசில்லை. கடிகாரத்தை மெல்லத் தலைகீழாகத் திருப்பினார்.

“அட, இப்பப் பாருங்க! உச்சியில ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு. அசல் கோபுரச் சுழி! இப்படியே கட்டுனீங்கன்னா கலெக்டர் ஆகாம ஓய மாட்டீங்க.”

பிறகு மாட்டுச்சந்தை வழக்கப்படி கடைக்காரர் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு மூடி, விரல் விரலாக விலை பேசினார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மானம் போகிறதே என்று பயந்து, எல்லா விரலுக்கும் சரி என்றுவிட்டார்.

அன்றிலிருந்து ஈஸ்வரமூர்த்தி கடிகாரத்தைத் தலைகீழாகவே கட்டினார். அதில் மணி பார்க்கிற எண்ணம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. பிறர் பார்க்கத்தானே கடிகாரம்? மணி தெரிய வேண்டுமென்றால் டவுன் பஸ் வருகிறதா என்று பார்ப்பார். பஸ் வந்தால் பத்து.

ஒருநாள் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரி மிக்கேல்ராஜ் சோதனைக்கு வந்துவிட்டார். ஏலப்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, புதிதாக இங்கே மாற்றலாகி வந்தவர். சாவடிக்கு முன்னால் தக்காளி வண்டிகள் வரிசையாக நின்றன. ஹெட்கிளார்க் முத்திரை குத்தினால்தான் ஒரு வண்டி நகரும்.

ஈஸ்வரமூர்த்தி பதினொரு மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மேலதிகாரியைப் பார்த்ததுமே நாற்காலி கைநழுவிப் போகிறது என்று புரிந்தது.

“ஏய்யா, ஆபீசுக்கு வர்ற நேரமா இது? மணி என்ன?” என்று மிக்கேல்ராஜ் உறுமினார்.

ஈஸ்வரமூர்த்தி கடிகாரம் கட்டிய கையை நீட்டினார். மேலதிகாரி குனிந்து பார்த்தார். தலைகீழ்க் கடிகாரத்தில் சின்ன முள் ஐந்தில், பெரிய முள் ஆறில்.

“அஞ்சரையா?”

மூழ்குகிறவனுக்குத் துரும்பு கிடைத்தது. “ஆமாங்க. விமானி கடிகாரமுங்க. தப்பாக் காட்டுனா பிளேனே உழுந்துருமுங்க.”

மிக்கேல்ராஜ் விரலை மடக்கிப் பார்த்தார். “ஆபீசு அஞ்சு மணிக்கே முடிஞ்சு போச்சு. முடிஞ்ச பெறகு வந்தவனை லேட்டுன்னு எப்படி எழுத முடியும்? உண்மையில நீ ஓவர்டைம் பார்க்க வந்திருக்க!”

“தாங்கள் சொன்னா சரிங்க.”

வண்டி வரிசையில் முதலில் நின்ற சுப்பாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். “என்ன சாமி கூத்து இது? பொழுது இன்னும் உச்சிக்கே வரலை. அஞ்சரைங்கறீங்க!”

“இந்தாம்மா, எங்க மலையில மேகம் மூடிக் கிடக்கும். சூரியனை நம்பி எவனும் வேலைக்குப் போனதில்ல. தோட்டத்துல சங்கு ஊதுனாத்தான் விடிஞ்சதுன்னு அர்த்தம். சூரியன் என்ன சர்க்கார் உத்தியோகஸ்தனா, அது சொல்றதை ஏத்துக்க?” என்றார் மிக்கேல்ராஜ்.

“அப்ப என் தக்காளி?”

“நாளைக்கு வா. ஆபீசு முடிஞ்சுருச்சு.”

சுப்பாத்தாள் வாயைத் திறந்தாள்; சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தாள்; மூடிக்கொண்டாள். வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. போகிற வழியெல்லாம் சேதியும் போனது.

ஈஸ்வரமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பல்லெல்லாம் தெரிய, நிரந்தர உத்தரவை மேலதிகாரி முன் விரித்தார். “ஒரு கையெழுத்துங்க.”

“என்னய்யா, உனக்குப் புத்தி இருக்கா? ஆபீசு முடிஞ்ச பெறகு எப்படிய்யா கையெழுத்துப் போடுறது? நாளைக்கு இதே நேரம் வர்றேன்.”

“நாளைக்கும் இதே நேரமுன்னா... அஞ்சரை ஆயிருமுங்களே!”

“ஆமா. அப்ப மறுநாள் வர்றேன். இதே நேரம்தான் எனக்குத் தோது.”

ஈஸ்வரமூர்த்தி கணக்குப் போட்டுப் பார்த்தார். கடிகாரத்தை நேராகத் திருப்பினால் லேட் என்று ஆகிவிடும். மேற்கொண்டு விலங்குச் சுழி. திருப்பாமல் விட்டாலோ, தற்காலிகத்திலேயே தலை நரைத்துவிடும். கையைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை. அதில்தான் அவருக்கு அனுபவம் அதிகம்.

இருவரும் பசியோடு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு நடந்தார்கள். கடைக்காரர் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். “சாப்பாடு முடிஞ்சதுங்க சாமி. அஞ்சரை ஆயிருச்சாமா!” பள்ளிக்கூடத்தில் மணி அடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். யாரோ ஒரு வீட்டில் வாசல் தெளித்து விளக்குக்கூட ஏற்றிவிட்டார்கள். மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஊரே நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றது. மதியம் என்று சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

மிக்கேல்ராஜ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பியூன் அழகுமலையைக் கூப்பிட்டார்.

“இருட்டப் போகுது. டார்ச் லைட்டைக் கொண்டாய்யா.”

அழகுமலை கொண்டுவந்து, சுவிட்சைத் தள்ளி, முன்னால் நடந்தான். பின்னால் மேலதிகாரி, அவருக்குப் பின்னால் ஹெட்கிளார்க், அவருக்குப் பின்னால் ஊர். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள், ரொம்ப சரி. அன்றைக்கு அங்கே இருந்திருந்தால், கால் தடுக்கப் போகிறது, வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டப்பா என்று சொல்லியிருப்பீர்கள்.